நாற்பத்தைந்து லட்சம் படங்களும் ஒரு பல்லும்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே தெரிந்துவிட்டது, இன்றைக்கும் நான்கு மணிக்குப் போய்ச் சேர முடியாது என்று. அதைக் கடிகாரம் சொல்லவில்லை, டேப் டிரைவ் சொன்னது. சர்ரென்று கொஞ்ச தூரம் ஓடியது, டக்கென்று நின்றது, விர்ரென்று பின்னால் போனது, யோசித்தது, மறுபடி சர்ரென்று கிளம்பியது. நல்ல டிரைவுக்கு ஒரே சுருதிதான். காலையில் பிடித்தால் மதியம்வரை விடாது. இது ஐந்து வாரமாக இப்படித்தான் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

"எனக்குன்னு வந்து வாய்ச்சியே" என்று டேப் அக்கா அதைப் பார்த்துச் சொன்னாள்.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. செயற்கைப் பல் செய்யும் அந்த லேபில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். வந்த புதிதில் டேப் மேடம். ஆறு மாதத்தில் டேப் அக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நகரத்துப் பல் மருத்துவர்கள் தங்களிடம் வருகிறவர்களின் வாயை அச்செடுத்து, பிளாஸ்டர் தாடைகளாக அந்த லேபுக்கு அனுப்புவார்கள். நான்கு ஸ்கேன் இயந்திரங்கள் அவற்றைப் படம்பிடித்து சர்வரில் சேர்க்கும். மாடியில் இருப்பவர்கள் திரையில் பல் வரைவார்கள், கீழே இருக்கும் இயந்திரம் அதைக் கடைந்து எடுக்கும். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அந்த சர்வரில்தான் இருந்தது. வாரம் ஒரு முறை சர்வரில் இருப்பவை எல்லாவற்றையும் பேக்கப்பாக, அதாவது நகலாக, காந்த நாடா டேப்பில் ஏற்றி, அதை அடுத்த தெருவில் இருக்கும் பெட்டகத்தில் கொண்டுபோய் வைப்பது அவள் பொறுப்பு.

இந்தக் காலத்தில் போய் டேப்பா என்று சிரிக்கிறவர்களுக்கு அவள் ஒரு கதை வைத்திருந்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் மாடிக் குழாய் உடைந்து தண்ணீர் நேராக சர்வர் தலையில் இறங்கியது. மூன்று மாதத்துத் தாடைகள் போயே போய்விட்டன. அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை கடிங்க" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். அந்த மாதம் லேபுக்குப் பல்லும் போய், சொல்லும் போய், மானமும் போனது. அதற்குப் பிறகு அவளே உட்கார்ந்து மூன்று விதிகள் எழுதினாள். டேப்பைப் போட்டவர்தான் எடுக்க வேண்டும். எடுத்தவர் தன் கையாலேயே பெட்டகத்தில் வைக்க வேண்டும். மேலாளர் கையெழுத்தும் எழுத்தில் காரணமும் இல்லாமல் எந்த ஃபோல்டரையும் டேப்பில் ஏற்றாமல் விடக் கூடாது. பெட்டகம் அவள் விரல் ரேகைக்கு மட்டும்தான் திறக்கும். அன்றைக்கு அதில் அவளுக்குப் பெருமை.

வெள்ளிக்கிழமைகளில் லேப் புதுத் தாடை வாங்காது. சர்வர் ஓய்ந்திருக்கும். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் ஒன்றேகாலுக்கு டேப் வெளியே வந்துவிடும். பெட்டகத்தில் வைத்துவிட்டு இரண்டு மணிப் பேருந்தைப் பிடித்தால் மூன்றரைக்குப் போய்விடலாம். நான்கிலிருந்து ஆறுவரை வாண்டு அவளுடையவள்.

வாண்டு அவள் மகள். ஆறு வயது முடிந்து மூன்று மாதம். அப்பாவோடும் அத்தையோடும் வேறு ஊரில் இருக்கிறாள். யார் மேல் தப்பு என்று ஆரம்பித்தால் இரண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வேண்டும், அந்தக் கதை இங்கே வேண்டாம். பள்ளிக்கூடம் அங்கே, அம்மாவுக்கு வேலை இங்கே, கடைசியில் கையில் மிஞ்சியது வாரத்துக்கு இரண்டு மணி நேரம். வேறு கிழமைக்கு மாற்றலாமா என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தாள். "வெள்ளின்னு பேசினோம், வெள்ளிதான்" என்று வாண்டுவின் அப்பா போனை வைத்துவிட்டார். டேப்பை வேறு கிழமை ஓட்டலாமா என்று மேலாளரைக் கேட்டாள். "மத்த நாள் ஸ்கேன் யாரு எடுப்பா, எங்க தாத்தாவா?" என்றார் அவர்.

இப்போது வாண்டுவுக்குக் கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. முதல் பல். ஆட ஆரம்பித்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் போனில் அந்தப் பல்லின் நிலவரம் வந்துகொண்டிருந்தது.

"அம்மா, இன்னைக்கு நாக்கால தள்ளினா படுத்துக்குது."

"தள்ளாதடி."

"நீ வர்ற வரைக்கும் விழ விடமாட்டேன். நீ பாக்கணும். நீதான பல்லு ஆபீஸ்."

"வெள்ளிக்கிழமை வந்துடறேன் செல்லம்."

"போன வெள்ளிக்கும் இதான் சொன்ன."

சொன்னாள்தான். அதற்கு முந்தின வெள்ளிக்கும் சொன்னாள். ஐந்து வாரத்தில் முதல் வெள்ளி டேப் மூன்று மணிக்கு முடிந்தது, அவள் ஐந்து மணிக்குப் போய் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்த வெள்ளி ஐந்து. அதற்கடுத்தது ஆறு தாண்டியது. போன வாரம் எட்டு. மூன்று வெள்ளிக்கிழமை அவள் மகளைப் பார்க்கவில்லை. பிள்ளை முகம் மறந்துவிடும் என்று இல்லை, ஆனால் பிள்ளைக்குத் தன்னை எதிர்பார்க்கும் பழக்கம் விட்டுப்போய்விடுமோ என்றுதான் அவளுக்குப் பயம். எதிர்பார்த்து எதிர்பார்த்து அலுத்துப்போவது என்றால் என்னவென்று அவளுக்கே நன்றாகத் தெரியும்.

டேப் டிரைவுக்கு ஒரு குணம் உண்டு. அதற்கு நடக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். அந்த ஓட்டத்துக்கு ஈடாக சர்வர் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஊட்டுகிற கை ஒரு நொடி தாமதித்தாலும் நின்றுவிடும். நின்ற இடத்திலும் நிற்காது, நிறுத்தம் தாண்டிப் போய் நிற்கும் பேருந்து மாதிரி கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் நிற்கும். பிறகு விட்ட இடத்தைத் தேடிப் பின்னால் வந்து, அடுத்த வாய்க்காகக் காத்திருக்கும். அவள் கேட்டுக்கொண்டிருந்த சர்ரும் விர்ரும் அதுதான். ஓடின நேரத்தைவிடக் காத்திருந்த நேரம் அதிகம்.

இந்த வாரம் முழுக்க அவள் சும்மா இருக்கவில்லை. திங்களன்று டிரைவின் தலையில் அழுக்கு இருக்குமோ என்று சுத்தம் செய்யும் டேப்பைப் போட்டாள். செவ்வாயன்று புது டேப் பிரித்துப் பார்த்தாள். புதனன்று கேபிளை மாற்றினாள். விற்ற கம்பெனி இன்ஜினியர் போனில், "உங்க டிரைவ் ஆரோக்கியமா இருக்கு மேடம், அதைப் போய் சந்தேகப்படாதீங்க" என்றார், ஏதோ அவள் அவருடைய தம்பியைத் திருடன் என்று சொல்லிவிட்ட மாதிரி. வியாழனன்று வைரஸ் தேடும் மென்பொருளைச் சற்று நேரம் தூங்க வைத்துப் பார்த்தாள். அம்மி நகர்ந்தாலும் நகரும், இது நகரவில்லை.

சர்வரில் ஏதாவது திடீரென்று பெருத்துவிட்டதா என்றும் பார்த்தாள். இல்லை. எல்லாம் சேர்த்து ஏறியது நூற்றுக்கு மூன்று பங்கு. அதற்காக நேரம் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் ஆகுமா?

நடுவில் எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டியும் முடித்தாள். முக்கியமாக ஆ-காட்டை. அது ஸ்கேன் பிரிவின் மூத்த ஆள். அச்சு சரியாக வராமல் நேரில் வருகிறவர்களின் வாயை நேரடியாகப் படம்பிடிக்கும் கைக்கருவியோடு நாள் முழுக்க "ஆ காட்டுங்க, ஆ காட்டுங்க" என்று சொல்லிச் சொல்லி, அதுவே பெயராகிவிட்டது. "அஞ்சு வாரத்துக்கு முன்னாடி உங்க பக்கம்தான் யாரோ எதையோ நோண்டியிருக்கீங்க" என்று சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் அவரைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க ஒரு திருகாணியக்கூட தொடலக்கா" என்றார் அவர். "தொடாமத்தான் இப்படி ஆச்சா?" என்று ஒரு போடு போட்டுவிட்டு வந்தாள். மனுஷன் அன்று பாதிச் சாப்பாட்டோடு எழுந்துபோனார்.

பத்தேகாலுக்கு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். ஓடிக்கொண்டிருந்த பேக்கப்பை நிறுத்தினாள். இப்படியே விட்டால் எப்படியும் ஒன்பது மணி ஆகும். முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

பழைய டேப் ஒன்றைப் போட்டு, ஒரே ஒரு பெரிய ஃபைலை மட்டும் அனுப்பிப் பார்த்தாள். டிரைவ் ஒரே சுருதியில் பிடித்தது. சர்ர்ர்ர். நிற்கவில்லை, திரும்பவில்லை. ஐந்து வாரமாகக் கேட்காத சத்தம். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள். ஆக, டிரைவில் குற்றமில்லை. பந்தியில் உட்கார்ந்தவன் சாப்பிடத் தயார்தான், பரிமாறுகிறவன்தான் ஒவ்வொரு பருக்கையாகக் கொண்டுவந்து வைக்கிறான்.

பருக்கை என்று நினைத்ததும்தான் பொறி தட்டியது. ஒவ்வொரு பேக்கப்பும் முடிந்ததும் ஒரு அறிக்கை வரும். அதில் எத்தனை அளவு என்று பார்த்தாளே தவிர, எத்தனை ஃபைல் என்று அவள் பார்க்கவே இல்லை. எடை போட்டாள், எண்ணவில்லை. ஆறு வாரத்துக்கு முந்தின அறிக்கையை எடுத்தாள். நான்கு லட்சம் ஃபைல். போன வார அறிக்கையை எடுத்தாள். நாற்பது லட்சம். வாரத்துக்கு ஒன்பது லட்சமாக வளர்ந்திருக்கிறது. இன்றைக்குப் புதிது மட்டும் நாற்பத்தைந்து லட்சம் இருக்கும். ஒவ்வொன்றும் கடுகளவு. கடுகு என்றாலும் ஒவ்வொன்றையும் திறந்து, படித்து, மூடித்தானே ஆக வேண்டும்.

அத்தனையும் ஒரே ஃபோல்டரில் இருந்தன. ஸ்கேன் இயந்திரம் ஒரு தாடையைச் சுற்றிச் சுற்றி ஆயிரத்துச் சொச்சம் குட்டிப் படங்கள் எடுக்கும், அவற்றை ஒட்டி ஒரே தாடையாக்கிவிட்டு, படங்களைத் தூக்கிப் போட்டுவிடும். அதுதான் வழக்கம். இங்கே தூக்கிப் போடவில்லை. ஐந்து வாரமாக ஒவ்வொரு தாடையின் ஒவ்வொரு படத்தையும் பத்திரமாகச் சேர்த்து வைத்திருக்கிறது.

"மாட்டினாங்க" என்றாள் டேப் அக்கா. ஸ்கேன் அமைப்புகள் பக்கத்தைத் திறந்தாள். 'எடுத்த படங்களை அழிக்க வேண்டாம்' என்ற கட்டத்தில் டிக் இருந்தது. எல்லா இயந்திரங்களுக்கும். யார் போட்டது, எந்தத் தேதியில் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. அவள் அதைப் படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள்.

போட்டது அவள்தான்.

ஐந்து வாரத்துக்கு முந்தின ஒரு வெள்ளி. வாண்டுவுக்குப் பள்ளி விடுமுறை. அத்தைக்கு இந்த ஊரில் ஏதோ வேலை இருந்ததால் பிள்ளையைக் காலையிலேயே லேபில் விட்டுவிட்டுப் போனாள். இரண்டு மணி நேரமே வாய்க்கிற டேப் அக்காவுக்கு முழுதாக ஒரு நாள். வாண்டு மாடிக்கும் கீழுக்குமாக ஓடினாள், பிளாஸ்டர் தாடைகளை வரிசையாக அடுக்கி அவற்றுக்குப் பாடம் நடத்தினாள், ஒரு தாடைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று அடிகூட விழுந்தது. ஆ-காட்டு அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, "எங்க, ஆ காட்டுங்க மேடம்" என்று கைக்கருவியை வாயில் வைத்தார். கூச்சம் தாங்காமல் பிள்ளை நெளிந்து நெளிந்து சிரித்தாள்.

கணினி எல்லாவற்றையும் ஒட்டி முடித்தபோது திரையில் வெள்ளையாக இரண்டு வரிசைப் பல் நின்றது. ஒழுங்காக, அசையாமல், யாருடைய பல்லாகவும் இருக்கக்கூடிய பல். சிரிப்பு அதில் இல்லை. ஒட்டுவதற்கு முன்னால் ஓடிய குட்டிப் படங்களில்தான் இருந்தது: பாதி நாக்கு, சுழித்த உதடு, கருவியைத் தள்ளிவிடும் ஒரு விரல், கன்னத்தின் உள்பக்கச் சிவப்பு. அவை அழிந்துவிடும் என்று ஆ-காட்டு சொன்னதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. தன் கணினிக்கு ஓடிவந்து அந்தக் கட்டத்தில் டிக் போட்டாள். இந்த ஒரு ஸ்கேனுக்கு என்று நினைத்துத்தான் போட்டாள். ஆனால் நிர்வாகியான தன் கணக்கிலிருந்து போட்டால் அது எல்லோருக்கும் பொருந்தும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு அவள் நிர்வாகியாக இல்லை, அம்மாவாக இருந்தாள்.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். மகளின் ஒரு சிரிப்பு அழியாமல் இருக்க வேண்டும் என்று போட்ட ஒரு டிக், மூன்று வெள்ளிக்கிழமைகளைத் தின்றுவிட்டது. ஊரையெல்லாம் கூட்டி வைத்துத் திட்டியவளுக்குத் தன் முதுகு தெரியவில்லை. மேசையில் முழங்கையை ஊன்றி, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம்தான். மணி பதினொன்று தாண்டிவிட்டது.

டிக்கை எடுத்தாள். இனிமேல் புதிதாகச் சேராது. சேர்ந்ததை என்ன செய்வது? சத்தமில்லாமல் அழித்துவிடலாம், ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அந்த யோசனையும் அவளுக்கு வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நாற்பத்தைந்து லட்சத்தை அழிக்கவும் ஒவ்வொன்றாகத்தான் அழிக்க வேண்டும், சாயங்காலம் ஆகிவிடும். மூட்டையாகக் கட்டினாலும் அதே கதை. இப்போதைக்கு ஒரே வழி, அந்த ஃபோல்டரை விட்டுவிட்டு மற்றதை டேப்பில் ஏற்றுவது. அதற்கு மேலாளர் கையெழுத்து வேண்டும். எழுத்தில் காரணம் வேண்டும். அவள் எழுதிய விதி.

மேலாளருக்கு மாடியில் ஞானப்பல் என்று பெயர். தாமதமாக வருவார், வந்ததும் எல்லோருக்கும் வலி. பதினொன்றரைக்கு அவர் வந்து நாற்காலியில் உட்கார்வதற்கு முன்பே அவள் தாளோடு நின்றாள். காரணம் என்ற இடத்தில் நான்கு வரி எழுதியிருந்தாள். மகள், சிரிப்பு, டிக், தவறு என்னுடையது.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, இரண்டு முறை படித்தார்.

"என்னம்மா இது? கதை எழுதிக் கொண்டு வந்திருக்கீங்க?"

"நடந்தது சார்."

"அப்போ ஸ்கேன் ஆளுங்க மேல தப்பில்ல?"

"இல்ல சார்."

"சாப்பாட்டு ரூம்ல அந்த ஆள சோறு எறங்காம பண்ணீங்களே, அது?"

"அது என் தப்பு சார்."

"சரி. இந்தப் படங்களால யாருக்காவது உபயோகம் உண்டா? டாக்டருக்கு? நமக்கு?"

"யாருக்கும் இல்ல சார். தாடை தனியா பத்திரமா இருக்கு. இதெல்லாம் சும்மா."

"ஒருத்தருக்குமா இல்ல?"

"எனக்கு இருக்கு சார்" என்றாள் அவள். "ஆயிரத்து அறுநூறு படம்."

ஞானப்பல் பேனாவின் மூடியைக் கழற்றினார். "அது லேபோட ரெக்கார்டே இல்ல. உங்க புள்ள என்ன நம்ம பேஷன்ட்டா? எடுத்துட்டுப் போய் வீட்ல வச்சுக்குங்க. மிச்சத்த அடுத்த வாரம் மெதுவா அழிங்க." கையெழுத்துப் போட்டார். தாளைக் கொடுக்கவில்லை. "போறப்போ ஸ்கேன் ரூம் வழியா போங்க. எல்லார் முன்னாடியும் திட்டினீங்க இல்ல? எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. அப்புறம்தான் டேப்பு."

போனாள். ஸ்கேன் அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். "தப்பு என்னோடது. டிக் போட்டது நான்தான். உங்களத் திட்டினதுக்கு மன்னிச்சிடுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். ஆ-காட்டு கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் வலித்தது, அது முகத்தில் தெரிந்தது. பிறகு, "அன்னைக்கு சிரிச்சதுல கருவியே ஆடிப்போச்சுக்கா. அதைப் போய் எப்படி அழிக்க மனசு வரும்?" என்றார். "போங்க, நேரமாச்சு. பாப்பா பல்லு விழுந்துடப் போகுது."

பதினொன்றே முக்காலுக்கு பேக்கப்பை மறுபடி தொடங்கினாள். டிரைவ் ஒரே சுருதியில் பிடித்தது. கணக்குப் போட்டாள். நான்கேகால் மணி நேரம். நான்கு மணிக்கு டேப் வெளியே வரும், பெட்டகம், பேருந்து, ஐந்தே முக்கால். கால் மணி நேரம் மிஞ்சும், அத்தை பிள்ளையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போகாமல் இருந்தால். அம்மா வராத வெள்ளிக்கிழமைகளில் நாலரைக்கு நீச்சல் வகுப்பு என்று ஏற்பாடாகியிருந்தது.

இரண்டு மணிக்குப் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை பள்ளி அரை நாள்தான். அத்தை எடுத்தாள். அவள் வாண்டுவின் அப்பாவுக்குத் தங்கை. எல்லாம் முறிந்த பிறகும் "அண்ணி" என்றுதான் கூப்பிடுகிறாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்ளலாம்.

"இன்னைக்கும் லேட்டா அண்ணி?"

"ஆமாம்மா. அஞ்சே முக்காலுக்கு வந்துடுவேன். இன்னைக்கு நிச்சயமா. கோளாறு என்னன்னு கண்டுபுடிச்சிட்டேன். கொஞ்சம் காக்க வைப்பியா?"

"ஒவ்வொரு வாரமும் புள்ள வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. எனக்கு அதைப் பாக்க முடியல, அதான் கிளாஸ்ல கொண்டு விடறேன். உங்களுக்கு இது புரியுதா?"

"புரியுது."

"இருங்க, குடுக்கறேன்."

போன் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சுச் சத்தம்.

"வாண்டு, அம்மா வர்றேன்டா இன்னைக்கு. கொஞ்சம் லேட்டாகும். சரியா?"

"ம்."

"பல்லு எப்படி இருக்கு?"

"ம்ம்."

"அம்மா மேல கோவமா?"

இந்த முறை ம் கூட வரவில்லை. ஒரு சின்ன மூச்சு. பிறகு அத்தை, "காலைல ஸ்கூலுக்குப் போறப்போ நல்லாத்தான் இருந்தா. வந்ததுல இருந்து இப்படித்தான் அண்ணி, யாரோடயும் பேசல" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஐந்து வாரமாகப் போனில் மூச்சுவிடாமல் பேசிய பிள்ளை. டேப் அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். கத்தியிருந்தால் சமாதானம் செய்யலாம், அழுதிருந்தால் தேற்றலாம். பேச்சை நிறுத்திக்கொண்ட பிள்ளையை என்ன செய்ய முடியும்? அலுத்துப்போய்விட்டாள், அதுதான். இனிமேல் அம்மா போனால் என்ன, போகாவிட்டால் என்ன.

டிரைவ் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அந்த ஆயிரத்து அறுநூறு படங்களை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். திறந்து பார்த்தாள். ஒன்று முழுக்க நாக்கு. ஒன்று வெறும் மங்கல். இன்னொன்றில் கீழ்வரிசை முன்பல் தெளிவாக நின்றது, அரிசி மணி அளவு, மற்றவற்றைவிடக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து. அப்போதே ஆட ஆரம்பித்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. திரையில் அதைத் தொட்டுப் பார்த்தாள். தன் பிள்ளையின் வாயை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க முடிகிறது, ஒரு வாய் சோறு ஊட்டத்தான் முடியவில்லை.

மூன்று ஐம்பத்தெட்டுக்கு டேப் வெளியே வந்தது. கையில் எடுத்தபோது சுடச்சுட இருந்தது. பெட்டிக்குள் வைத்து, தேதி எழுதி, படிகளில் இறங்கி அடுத்த தெருவுக்கு ஓடினாள். பெட்டகத்தில் விரலை வைத்தபோது முதல் தடவை திறக்கவில்லை. விரல் வியர்த்திருந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள், திறந்தது. நான்கு இருபது பேருந்தை ஓடிப்போய்ப் பிடித்தாள். நின்றுகொண்டே வந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் நிதானமாக ஏறினார்கள், அத்தனை பேர் மேலும் அவளுக்குக் கோபம் வந்தது.

ஐந்து ஐம்பதுக்கு அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். கீழ்க்கூடத்தில் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் படிக்கட்டில், இரண்டாவது படியில், வாண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடை மாற்றவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தாள். உதடு இரண்டும் ஒட்டியிருந்தன. பக்கத்தில் அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களே கேளுங்க அண்ணி, என்னால ஆகல. ஸ்கூல்ல இருந்து வந்ததுல இருந்து வாயே தொறக்கல. சாப்பிடல, தண்ணி கூட குடிக்கல. கிளாஸுக்கு வான்னா கம்பிய புடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. யாராவது அடிச்சாங்களா, டீச்சர் திட்டினாங்களா, எது கேட்டாலும் ம், ம்."

டேப் அக்கா படிக்கு முன்னால் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா மேல கோவமா?"

வாண்டு வேகமாகத் தலையை ஆட்டினாள். இல்லை. கண் இரண்டும் பளபளவென்று இருந்தன, கோபத்தில் அல்ல. கம்பியை விட்டுவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்து இன்னும் கிட்டே இழுத்தாள். முகத்துக்கு நேராக முகம் வந்ததும், மெதுவாக, மிக மெதுவாக வாயைத் திறந்தாள்.

நாக்கின் மேல் அந்தப் பல் இருந்தது.

அம்மாவின் உள்ளங்கையை இழுத்து அதில் துப்பினாள். ஐந்து மணி நேரம் அசையாமல் இருந்த வாய்க்குப் பேச்சு உடனே வரவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு, ஒரே மூச்சில் சொன்னாள்: "இப்பதாம்மா விழுந்துச்சு. இப்ப, நீ வந்தப்பதான். வேற யாரும் பாக்கல."

பதினொரு வருடமாகப் பல் பார்த்து வாழ்கிறவள் டேப் அக்கா. கீழ்வரிசையில் இருந்த அந்தச் சின்ன ஓட்டையில் துளி ரத்தம் இல்லை. காய்ந்து, ஓரம் வெளுத்து, எப்போதோ அடங்கிப்போயிருந்தது. விழுந்து அரை நாள் ஆகியிருக்கும். பள்ளிக்கூடத்திலேயே விழுந்திருக்கும். மாடிப்படியின் கீழே நின்றிருந்த அத்தைக்கும் அது புரிந்துவிட்டது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தபால் பெட்டிகளைப் பார்த்தாள்.

உள்ளங்கையில் பல் சூடாக இருந்தது.

"ஆமாடி செல்லம்" என்றாள் அம்மா. "நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நான் இருக்கும்போதுதான் விழுந்துச்சு."